'பார்க்கலாம்' என்றால் வேண்டாம்

மேடையில் அமர்ந்திருக்கும் இயக்குநர் அவர்களே, ஆய்வுத்துறை நண்பர்களே, முன்வரிசையில் இருக்கும் அக்காவின் மகளே, வணக்கம்.

இந்த இரங்கல் கூட்டத்தில் சுருக்கமாகப் பேசச் சொன்னார்கள். முடியாது.

கேள்வி அக்கா. அவரோடு களத்தில் அலைந்த நாங்கள் அப்படித்தான் அழைத்தோம். நுகர்வோர் ஆய்வின் களத் தலைவர். துணி துவைக்கும் மாத்திரை ஒன்றைப் பல நாடுகளில் விற்கத் திட்டம். எல்லா நாட்டுக்கும் ஒரே கேள்வித்தாள். இங்கே அதைத் தமிழில் கேட்டோம்: 'இதை வாங்குவீர்களா?'

வீடு வீடாகப் பெண்கள் சிரித்தார்கள். நாற்காலி போட்டார்கள். தண்ணீர் கொடுத்தார்கள். 'பார்க்கலாம்மா' என்றார்கள்.

தலைமையகம் அதை 'வாங்க வாய்ப்பு அதிகம்' என்று எண்ணியது.

கூட்டத்தில் எழுந்து மறுத்தவர் அக்கா ஒருவர்தான். "பார்க்கலாம்னா வேண்டாம்னு அர்த்தம் சார். வீட்டுக்கு வந்தவங்க மூஞ்சிக்கு நேரா இல்லைன்னு சொல்ல மனசு வரல, அவ்வளவுதான்."

இதோ மேடையில் இருக்கும் இயக்குநர் கேட்டார்: "நீங்க ஆராய்ச்சியாளரா, அந்த வீட்டுப் பொம்பளையா?"

"ரெண்டும்தான் சார். அதுக்குத்தானே சம்பளம் தர்றீங்க."

அறையே சிரித்தது. இயக்குநர் சிரிக்கவில்லை.

மாத்திரை வந்தது. கடைகளில் தூசி படிந்தது. யார் தலை உருண்டது? கேள்வித்தாளின் மொழிபெயர்ப்புக்கு ஒப்புதல் தந்தவர் தலையா? ஒரே அளவுகோலால் எல்லா ஊரையும் அளந்தவர் தலையா? 'களப்பணியில் கவனக்குறைவு' என்று அறிக்கை எழுதி, கீழே அக்காவின் பெயரைப் போட்டார்கள். அந்த ஒரு வரியால் வேலை போனது; பிறகு எந்த நிறுவனமும் அவருக்கு வேலை தரவில்லை.

இன்று செய்தித்தாளில் நம் நிறுவனத்தின் இரங்கல் விளம்பரம்: 'எங்கள் குடும்பத்தில் ஒருவர்.' எந்தக் குடும்பம் சார்? மருத்துவமனையில் கிடந்தபோது அந்தக் குடும்பத்திலிருந்து யார் வந்தது?

சற்று முன் வாசலில் அவர் மகள் என்னைக் கேட்டாள். "அண்ணா, அம்மா உண்மையிலேயே வேலையில தப்பு பண்ணிட்டாங்களா?"

இந்தப் பெண் இத்தனை காலம் இந்தச் சந்தேகத்தோடு தாய்க்கு மருந்து கொடுத்திருக்கிறாள்!

இல்லைம்மா. அம்மா பண்ணல.

அந்தப் 'பார்க்கலாம்' பற்றி அக்கா எழுதி வைத்த கட்டுரையை, வரும் ஆய்வாளர் மாநாட்டில் அவர் பெயரிலேயே படிப்பேன். நிறுவனத்திடம் அனுமதி கேட்கப் போவதில்லை. என் வேலை போகட்டும். அவர் விட்ட இடத்திலிருந்து, வீடு வீடாக, ஒரு பதிலுக்கு அந்த வீட்டில் என்ன பொருள் என்று கேட்டுக்கொண்டே இருப்போம்.

அடுத்து மௌன அஞ்சலி என்று நிகழ்ச்சி நிரலில் இருக்கிறது. இயக்குநர் அவர்களே, முதலில் நீங்கள் எழுந்து, அறிக்கையிலிருந்து அந்த வரியை நீக்குவதாக அக்காவின் மகளிடம் சொல்லுங்கள்.

பிறகு நாங்கள் எழுகிறோம்.