ஆரின்ர பிள்ளை?

“…‘நீங்கள் ஆரின்ர பிள்ளை?’ எண்டுதான் அந்த வெள்ளைக்கார மனுசி என்னட்டை முதல் கேட்டவ!”

வெக்ஸ்போர்ட் பக்கம் போன பஸ்ஸில், எனக்கு முன் சீற்றில் இருந்த அக்கா சொன்னது இது. பக்கத்தில் இருந்த சிநேகிதி சிரித்துவிட்டார்.

“சும்மா அளக்காதேங்கோ அக்கா. வெள்ளைக்காரர் உதெல்லாம் கேப்பினமே?”

“சத்தியமா. மகள் விரும்பிற பொடியன்ர தாய். கேப் பிரெட்டன் தீவு ஆக்கள், வீட்டில கேலிக் பாசை கதைக்கிறவை. முந்தி ஸ்கொட்லாந்தில இருந்து வந்த சனமாம். புது ஆளைக் கண்டா அவையின்ர முதல் கேள்வி உதுதானாம். பொடியன்தான் அதை இங்கிலிசில மாத்திச் சொன்னவன்.”

“நீங்கள் என்ன சொன்னியள்?”

“அப்பான்ர பேரைச் சொன்னன். ‘அவர் ஆரின்ர மகன்?’ எண்டு மனுசி விடேல்லை. நான் பூட்டனோட நிண்டிட்டன். அவ தன்ர பக்கம் ஏழு தலைமுறையை மூச்சு விடாமச் சொன்னவ!”

“உதை நாங்கள் கேட்டா உங்கட மகள் சண்டைக்கெல்லோ வருவாள்?”

“அங்க வாயே திறக்கேல்லை அவள்.” அக்கா நன்றாகச் சாய்ந்து இருந்தார். “ஆர் எவர் எண்டு தெரியாத வீட்டில பிள்ளையைக் குடுக்கிறதோ எண்டு நித்திரை இல்லாமக் கிடந்தனான். ஓம் எண்டு சொல்ல மனம் வரேல்லை.”

“இப்ப?”

சாறிக்கடை தெரிந்ததும் அக்கா எட்டிப் பெல்லை அடித்தார். “சம்பந்திக்கு என்ன நிறம் பொருந்தும்? வந்து பாரும்” என்று சிநேகிதியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கினார்.