பலகையில் பேர் உள்ளவர்

— வண்டியைத் திருப்பச் சொல்லு பாப்பா. இந்த வெயில்ல உனக்கு இங்க என்ன வேலை?

— வண்டிக்காரரை அனுப்பிட்டேண்ணே. சாயங்காலம் வேலை முடிஞ்சதும் வரச் சொல்லியிருக்கேன்.

— வேலையா? எந்த வேலை?

— அதை நீதான் சொல்லணும். கேட்டுக்கு வெளிய அவ்ளோ பெரிய பலகை நட்டு வெச்சிருக்கீங்க. மக்கள் வரிப்பணத்தில் கட்டப்படும் பொது மருத்துவமனைன்னு மேல எழுதியிருக்கு. அதுக்குக் கீழ, மேனேஜர்னு உன் பேரு. அதுக்கும் கீழ, பாதுகாப்பு அதிகாரின்னு என் பேரு! நேத்து பல் டாக்டர்கிட்ட போயிட்டு வரும்போது பாத்தேன். வாய் மரத்துப் போயிருந்துச்சு, இல்லன்னா நடுரோட்டுலயே கத்தியிருப்பேன்.

— ஐயோ, அந்தப் பெயிண்டர்! நான் என்ன சொல்றேன்னா...

— அவரை ஏன் திட்டுற? நீங்க குடுத்த பேரைத்தானே எழுதியிருக்காரு?

— மெதுவாப் பேசு. நான் என்ன சொல்றேன்னா, இது அரசாங்கப் பணம். மாற்றுத்திறனாளிங்களுக்கு இத்தனை வேலை குடுத்தே ஆகணும்னு ஒப்பந்தத்துல இருக்கு. உன்கிட்ட பாதுகாப்புப் படிப்பு சர்டிபிகேட் இருந்துச்சு. பெட்டியில சும்மாதானே தூங்குது...

— லோனுக்குன்னு சொல்லி வாங்கிட்டுப் போனியே, அது.

— உன் நல்லதுக்குத்தான் பாப்பா. வீட்ல ராணி மாதிரி இருன்னுதான். மாசாமாசம் கைச்செலவுக்குத் தரேனா இல்லியா?

— என் சம்பளத்துல எனக்கே கிள்ளிக் குடுத்திருக்க. அது தனிக் கச்சேரி. அண்ணி முன்னாடி வெச்சுக்கலாம்.

— தாயே, அவகிட்ட மட்டும் சொல்லிடாத!

— இந்தக் கம்பெனிக்கு நான் மனு போட்டேனே, அப்ப நீ என்ன சொன்ன?

— அது வந்து...

— வாயைத் திறந்து சொல்லுண்ணே.

— அந்த வேலைக்கு ஆள் போட்டாச்சுன்னு சொன்னேன்.

— ஒரு வாரம் எனக்குச் சாப்பாடு இறங்கல. எவளோ ஒருத்தி என்னைவிடக் கெட்டிக்காரி போலன்னு மனசைத் தேத்திக்கிட்டேன். கடைசில பாத்தா அந்த எவளோ ஒருத்தி நான்தான்!

— சார், கான்கிரீட் லாரி வந்தாச்சு. ஆளுங்களை மூணாவது மாடிக்கு ஏத்தட்டுமா? அம்மா யாருங்க? சக்கர நாற்காலி சரளையில மாட்டிக்கிட்டு நிக்குதே.

— என் தங்கச்சி, மேஸ்திரி. சும்மா பாத்துட்டுப் போக வந்தா. நீ ஆளை ஏத்து.

— பலகையில பாதுகாப்பு அதிகாரின்னு ஒரு பேரு இருக்கே மேஸ்திரி, அது நான்தான்.

— அந்தம்மா நீங்கதானா? தப்பா எடுத்துக்காதீங்க, உங்களை நாங்க திட்டாத நாளே இல்ல.

— என்னையா? நான் என்ன பண்ணினேன்?

— ஒண்ணும் பண்ணலன்னுதாங்க. போன வாரம் நம்ம கம்பி கட்டுறவன் சாரத்துல இருந்து விழுந்துட்டான். சாரத்துக்குக் கைப்பிடியே கிடையாது. கால் ரெண்டு எடத்துல முறிஞ்சு கிடக்குறான். ‘வீட்ல உக்காந்து சம்பளம் வாங்குறாளே மகராசி, ஒரு நாளாவது எட்டிப் பாத்தாளா’ன்னு பலகை முன்னாடி நின்னு ஏசினோம். அவன் சம்சாரம் உங்க பேரைச் சொல்லிச் சொல்லி அழுதிச்சு.

— அண்ணே... நிஜமா?

— சின்ன அடிதான் பாப்பா. நான் என்ன சொல்றேன்னா...

— நீ ஒண்ணும் சொல்ல வேணாம். வேலைதான் கேட்டு வந்தேன். என் பேரால ஒரு மனுஷன் காலை உடைச்சு வெச்சிருக்க. மேஸ்திரி, இப்பவாவது கைப்பிடி கட்டியாச்சா?

— இல்லீங்க.

— அப்ப ஒருத்தரும் ஏறக் கூடாது.

— விளையாடுறியா? லாரி நிக்குது, கான்கிரீட் இறுகிடும்!

— திருப்பி அனுப்பு.

— உன்னால அந்த மாடி ஏறிப் பாக்கக்கூட முடியாது. நீ வந்து...

— கைப்பிடி இல்லாதது இங்க இருந்தே தெரியுது. தினம் ஏறி ஏறிப் பாத்த நீ என்னத்தைக் கிழிச்ச?

— சரி, கோவப்படாத. வா, தூக்கிட்டுப் போய் என் கார்ல வீட்ல விடறேன். சின்ன வயசுல உன்னைப் பள்ளிக்கூடத்துக்கு முதுகுல சுமந்தவன் நான்.

— மறக்கலண்ணே. அந்த முதுகு இல்லன்னா நான் படிச்சிருக்கவே மாட்டேன். அதுக்காகத்தான் சொல்றேன், இனிமே என்னைத் தூக்காத. எனக்குப் பாதை போடு.

— நான் போடறேங்க! ஏய், அந்த ப்ளைவுட் ஷீட் எல்லாத்தையும் கொண்டாங்கடா! கேட்டுல இருந்து வரிசையாப் போடுங்க. அம்மாவுக்கு ஒரு ஹெல்மெட் எடுத்துக் குடுங்க. ஆங், இப்ப ஓட்டிப் பாருங்க.

— போகுது மேஸ்திரி! ஜோராப் போகுது!

— மேஸ்திரி! இங்க மேனேஜர் யாரு? நான் சொல்றேன், ஆளுங்களை ஏத்து மேல!

— தப்பா எடுத்துக்காதீங்க சார். ஏறினவங்களும் இறங்கிட்டாங்க. மேடம் சொல்லாம இனி ஏற மாட்டாங்களாம்.

— மேடமா? எந்த மேடம்? அவ என் தங்கச்சிய்யா! எங்க வீட்டுப் பாப்பாய்யா!

— அது உங்க வீட்ல சார். மேடம், அடுத்து என்ன செய்யணும்?

— கைப்பிடி கட்டுறவங்க மட்டும் பெல்ட் மாட்டிக்கிட்டு ஏறட்டும். அதுக்கு முன்னாடி, தலையில ஹெல்மெட் இல்லாம ஒருத்தர் சைட்டுக்குள்ள நின்னு கத்திக்கிட்டு இருக்காரு பாருங்க, அவரைக் கேட்டுக்கு வெளிய அனுப்புங்க.