சட்டைக்குள் போகாத கை

— கையை ஆட்டாதீங்கம்மா. முடியைவிட மெல்லிசான குழாயைத் தேடிட்டிருக்கேன். நீங்க சிரிச்சாலே ஆடுது.

— நானா ஆட்டுறேன்? ஊசி போட்டு மரத்துப்போன கை, டாக்டர். அது பாட்டுக்குக் கிடக்கு. கண்ணை மறைச்சுத் துணி போட்டுட்டீங்க, வாயையாவது விட்டு வைங்க.

— அய்யோ அக்கா, முழிச்சிருக்கிறவங்களுக்கு ஆபரேஷன் பண்ணா இதுதான் தொல்லை.

— சிஸ்டர், நான் பஸ் டிரைவர். டிரைவர்கூடப் பேசாதீங்கன்னு என் தலைக்கு மேலயே எழுதி வச்சிருந்தாங்க. பேசாத பாக்கியையெல்லாம் இப்பதான் தீர்க்கிறேன்.

— இப்ப ஓட்டுறதில்லையா?

— மார்புல புற்றுநோய்னு அறுத்தாங்க. அக்குள்ல இருந்த நிணநீர் முடிச்சையும் எடுத்தாங்க. நோய் போச்சு, கை வீங்கிருச்சு. யூனிஃபார்ம் சட்டைக்குள்ள கை போகலைன்னு மேனேஜர் என்னை மைக் முன்னாடி உட்கார வச்சுட்டாரு. மத்தவங்க வண்டி கிளம்புறதை நான் கூவணும்!

— பாவம், உங்க நல்லதுக்குத்தான் செஞ்சிருப்பாரு.

— நல்லதுக்கு! 'உயிர் பொழைச்சதே பெருசு, கைக்கு என்ன இப்ப'ங்கிறாரு. பொழைச்ச உயிரை மைக் முன்னாடி அடகு வைக்கவா? இன்னிக்கும் அவர் மூஞ்சிலதான் முழிச்சேன்.

— ஆபரேஷன் அன்னிக்குமா அக்கா டெப்போவுக்குப் போனீங்க?

— நீங்க இந்தத் துணியைச் சரி பண்ணுங்க சிஸ்டர். கண்ணுல குத்துது.

— அம்மா, இதைக் கேளுங்க. விரலிடுக்குல பச்சை மருந்து போட்டோமில்ல, அது நிணநீர் ஓடுற வழியைத் திரையில கோடாக் காட்டும். முழங்கைகிட்ட ஒரு கோடு தெரிஞ்சது. திறந்து பார்த்தா குழாய் இறுகிப்போயிருக்கு. கையில தேங்கின நீர் வடிய இதை ரத்தக்குழாயோட சேர்த்துத் தைக்க முடியாது. மூடிடட்டுமா?

— வேற கோடே இல்லையா?

— மணிக்கட்டுக்கு மேல ஒண்ணு மங்கலாத் தெரியுது. தேறலாம், தேறாமலும் போகலாம்.

— ஒரு தெரு அடைச்சிருந்தா பஸ்ஸை நடுரோட்டுல விட்டுட்டு வீட்டுக்கா போவோம்? வண்டியைத் திருப்புங்க டாக்டர்.

— சேர்த்தாலும் பழைய கை வராதும்மா. கொஞ்சம் இளைக்கும், அதுவும் மெதுவாத்தான். அழுத்தம் குடுக்கிற உறையை விடாமப் போடணும்.

— பழைய கையை யார் கேட்டா? சட்டைக்குள்ள போற கை போதும். மிச்சத்தை நானும் ஸ்டியரிங்கும் பேசிக்கறோம். அறுங்க.

— சிஸ்டர், கத்தி.

— என்ன டாக்டர், வண்டி திரும்புச்சா?

— தையல் போட்டுட்டிருக்கேன். அசையாதீங்க.

— இந்தா, வாயை மூடிக்கிட்டேன்.

— அக்கா! அய்யோ அக்கா, பச்சைக் கோடு ரத்தக்குழாய்க்குள்ள போகுது! ஓடுது பாருங்க!

— துணியை மூஞ்சி முன்னாடி கட்டிட்டுப் பாருங்கங்கிறீங்களே!

— நிஜம்தாம்மா. தேங்கின நீருக்கு ஒரு வழி கிடைச்சிருச்சு.

— நான் ஒண்ணும் அழலை. துணி குத்துது.

— சரி சரி அக்கா. வெளியில உங்க வீட்டுக்காரர் இருப்புக்கொள்ளாம நடந்துட்டிருக்காரு. என்ன சொல்லட்டும்?

— வழி கிடைச்சிருச்சுன்னு சொல்லுங்க. மைக்குக்கு வேற ஆளைப் பார்த்துக்கச் சொல்லுங்க.

— அதை உங்க மேனேஜர்கிட்ட இல்ல சொல்லணும்?

— அந்த மேனேஜர்தான் சிஸ்டர் வெளியில நடந்துட்டிருக்காரு.