பீரோவில் இருக்கும் கண்ணாடி

ஒரு தலைமையாசிரியர் பிள்ளைகளின் மூக்குக்கண்ணாடிகளைப் பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறார். உத்திரமேரூரில் நான் ஏறிய பேருந்தில், முன் இருக்கையில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"ஸ்கூல்ல கண்ணு டெஸ்ட் பண்ணி உம் பொண்ணுக்குக் கண்ணாடி குடுத்தாங்களே, இன்னாடி ஆச்சு?"

"பீரோவுல கீதுக்கா."

"உங்க வூட்டு பீரோவுலயா?"

"ஸ்கூல் பீரோவுல. பசங்க ஒடச்சிடுவாங்களாம். ஆபீசர் வந்தா எச்.எம். எடுத்துக் குடுப்பாரு. போட்டோ புடிச்சதும் திருப்பி வாங்கி வச்சிக்குவாரு."

"அப்போ போர்டு எப்டி தெரியும்?"

"தெரியல. பக்கத்துப் பொண்ணு நோட்டப் பாத்து எழுதிக்கினு கீறா. காப்பி அடிக்கிறான்னு டீச்சர் பெஞ்சு மேல ஏத்திட்டாங்க."

"மேல ஏறினா போர்டு தெரிஞ்சிதாமா?"

இருவரும் சிரித்தார்கள். தாய்தான் முதலில் நிறுத்தினாள்.

"நேத்து ஆபீசர் வந்தாராம். 'போர்டுல இருந்தது எல்லாம் தெரிஞ்சுதும்மா, பாதி எழுதறதுக்குள்ள கண்ணாடிய வாங்கிக்கினாங்க'ன்றா."

அடுத்த கிராம சபையில் அந்தத் தலைமையாசிரியர் ஊரார் முன் எழுந்து பதில் சொல்லட்டும்: மீதிப் பாதியை அந்தப் பிள்ளை எப்படி எழுதுவாள்?