பயிற்சியாளர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளலாம்

எங்கள் பள்ளி ஜிம்மில், ஆட்டத்தின்போது விற்கும் பாப்கார்ன் நன்றாக இருக்கும். இறுதி ஆட்டத்தன்றும் மடியில் ஒரு பொட்டலம் வைத்திருந்தேன். பாதிதான் தின்றேன்.

விதி எனக்குத் தெரியும். கூடைப்பந்து ஆட்டம் நடக்கும்போது பயிற்சியாளர்கள் தங்களுக்குள் காதுக்கருவியில் பேசிக்கொள்ளலாம். களத்தில் ஆடும் பெண்ணிடம் அப்படிப் பேசக் கூடாது. அப்பா பன்றி வெட்டும் ஆலையில் வேலை பார்க்கிறார். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். எதையும் படித்துப் பார்க்காமல் தொடுகிற பழக்கம் எனக்கில்லை.

தலைமைப் பயிற்சியாளர் ஹேட்ச்சர். நான் உதவி. பார்வையாளர் வரிசையின் உச்சியில் உட்கார்ந்து, தெரிவதை அவர் காதில் சொல்வதுதான் என் வேலை. முதல் ஆட்டத்திலேயே சொன்னார்: "டெஸ்ஸா, காலேஜ்ல படிச்சதையெல்லாம் என் காதுல கொட்டாத, தாயி. கொசு பாடுற மாதிரி இருக்கு." கருவியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பெஞ்சில் இருந்த பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதன்பின் நான் பேசியதெல்லாம் அந்தச் சட்டைப் பையிடம்தான்.

எங்கள் அணியில் ஆடும் ஜூனி வாண்டர்மீருக்குப் பிறந்ததிலிருந்தே காது மந்தம். இரண்டு காதிலும் கேட்க உதவும் செவிக்கருவி. ஜிம்மின் எதிரொலியில் ஒன்றும் விளங்கவில்லை என்றாள். பயிற்சி நேரத்தில் என் போனை அவள் கருவியோடு இணைத்தேன். பயிற்சியில் அது தப்பில்லை.

"கோச், நீங்க என் தலைக்குள்ளயே உக்காந்து பேசுற மாதிரி இருக்கு."

"பயமா இருக்கா?"

"இல்ல. ஹேட்ச்சர் மீசைக்குள்ளேருந்து பேசுறாரே, அதுக்கு இது எவ்வளவோ மேல்."

ஆட்ட நாட்களில் இணைப்பைத் துண்டித்திருக்க வேண்டும். துண்டிக்கவில்லை. ஆட்டத்துக்கு முன் நடுவர் மோதிரம், தோடு பார்ப்பார். அவள் காதைக் காட்டி "இது என்னம்மா?" என்பார். "டாக்டர் குடுத்தது," என்பேன். முகம் சிவந்து நகர்ந்துவிடுவார். காது கேளாத பிள்ளையைப் பற்றி யாரும் இரண்டாவது கேள்வி கேட்பதில்லை. சிக்னல் எட்டவேண்டும் என்று பெஞ்சுக்குப் பின்வரிசைக்கு இடம் மாறினேன்.

போ என்றால் போனாள். நில் என்றால் நின்றாள். நாங்கள் வரிசையாக ஜெயித்தோம். ஊர் ஹேட்ச்சரை மெச்சியது. கூட்டத்தின் இரைச்சல் அவளைக் குழப்பியதால், வெளிச்சத்தம் அவள் காதில் விழாதபடி போனிலேயே அடைத்துவைத்தேன். அதன்பின் களத்தில் அவளுக்கு என் குரல் மட்டும்தான்.

இறுதி ஆட்டத்தில் எதிரணிப் பெண்ணின் முழங்கை ஜூனியின் பொட்டில் இடித்தது. விழுந்து எழுந்தாள். ஹேட்ச்சர் ஓடினார். அதை மறைக்க மாட்டேன், அவர் கெட்டவர் இல்லை.

"ஜூனி, தலை சுத்துதா? வெளிய வந்துடுறியா, கண்ணு?"

அவளுக்கு அது கேட்கவில்லை. அவர் தோளைத் தாண்டி என்னைப் பார்த்தாள். சத்தமில்லாமல் வாயசைத்தாள்: எல்லாம் ரெண்டாத் தெரியுது, கோச்.

ஒரு புள்ளி பின்தங்கியிருந்தோம். பாப்கார்ன் பொட்டலத்தை வாய்க்கு நேரே தூக்கிக்கொண்டேன்.

"சிரி. இல்லன்னு தலையாட்டு."

சிரித்தாள். தலையாட்டினாள்.

"நல்லாத்தான் இருக்கா," என்றார் ஹேட்ச்சர் நடுவரிடம்.

கடைசியில் நான் சொன்ன இடத்திலிருந்து எறிந்தாள். பந்து உள்ளே போனது. பிறகு விழுந்தாள். விழும்போது கைகளை முன்னே ஊன்றவில்லை. ஊன்றச் சொல்லி நான் சொல்லவில்லை.

விதியை மீறினேனா என்று கேட்கிறீர்கள். மீறினேன். அவளுக்கு அடிபட்டது தெரியுமா என்றால், தெரியும். அவளைத் தவிர வேறு யாருக்கும் தெரியாதபடி பார்த்துக்கொண்டதும் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள்.

போனையும் தருகிறேன். அதற்கு முன் ஒன்று. அவளுடைய அப்பா கூப்பிட்டுப் பார்த்துவிட்டாராம். நர்ஸுகள் கூப்பிட்டுப் பார்த்துவிட்டார்களாம். கண் திறக்கவில்லை என்கிறீர்கள். செவிக்கருவிகள் கட்டில் பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் சும்மா கிடக்கின்றனவாம். அவற்றை அவள் காதில் மாட்டச் சொல்லுங்கள். என்னை அந்த அறை வாசல்வரை கூட்டிப்போனால் போதும். நான் சொல்லி அவள் கேட்காமல் இருந்ததே இல்லை.