தம்பி கேட்ட பாய்

— நீட்டிட்டான்டி மசினா! அத்தனை பேரு முன்னாடியும் என் தம்பி செஃபோ காலை நீட்டிட்டான்!

— முதல்ல உக்காருங்க. மூச்சு வாங்குது பாருங்க. குடும்பக் கூட்டத்துலயா நீட்டினாரு?

— கூட்டத்துலதான், கேட்டுக்கோ. அப்பா விட்டுட்டுப் போன தலைவர் பட்டம் எனக்கா அவனுக்கான்னு பெரியப்பா பேச ஆரம்பிக்கிறாரு. ஆளாளுக்கு அவங்கவங்க தூணுல சாஞ்சு சம்மணம் போட்டு உக்காந்திருக்கோம். என் முட்டி ரெண்டும் தீயா எரியுது. சபையில வெறுங்காலை நீட்டக் கூடாதேன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கேன். திடீர்னு எதிர்த் தூணுலேருந்து இவன், "மன்னிக்கணும், முட்டி தாங்கல, காலை நீட்டி மூடிக்க ஒரு பாய் குடுங்க"ங்கறான்!

— அய்யோ. அப்புறம்?

— அப்புறம் என்ன, பின்னால இருந்த பொம்பளைங்க கிளுக்குன்னு சிரிச்சாளுங்க. வயசுல சின்னவன் பாய் கேக்கறானேன்னு பெரியப்பாவே தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டாரு. பாய் வந்துச்சு. காலை நீட்டி அதால மூடிக்கிட்டான். அவனுக்குக் குடுத்தா மூத்தவன் எனக்கும் குடுக்கணும்ல? என் கால்மேலயும் ஒண்ணு போட்டாங்க, நானும் நீட்டிக்கிட்டேன். நான் கேக்கல, கேட்டுக்கோ. வாயே தொறக்கல.

— வலி?

— போயே போச்சு! கடைசிக் கிண்ணம் காவா வேர்ச்சாறு வர்ற வரைக்கும் அசையாம உக்காந்திருந்தேன். அவன்தான் பாதியில நொண்டிக்கிட்டே எந்திரிச்சுப் போனான்.

— சரிதான். கூடப்பொறந்தவரு நொண்டறாருன்னா இப்படியா வாயெல்லாம் பல்லா வந்து நிப்பீங்க?

— நிப்பேன். ஏன் நிக்கக் கூடாது? இத்தனை நாளா என் வயிறு எரிஞ்சது உனக்கென்ன தெரியும்? ரெண்டு பேரும் ஒரே மலைத் தோட்டத்துலதான் சேப்பங்கிழங்கு மூட்டை சுமந்தோம். அபியா டவுன் ஆஸ்பத்திரி டாக்டரு ரெண்டு பேருக்கும் முட்டி தேஞ்சு போச்சுன்னு ஒரே வாயாலதான் சொன்னாரு. ஆனா ஞாயித்துக்கிழமை வெள்ளை லாவாலாவா வேட்டியைக் கட்டிக்கிட்டு சர்ச்சுக்கு அவன் நடக்கிற நடையைப் பாத்திருக்கியா? பின்னாலயே நான் குச்சி ஊணிக்கிட்டுப் போறேன். ஊரே எங்களை மாத்தி மாத்திப் பாக்குது. அப்படியே மண்ணுக்குள்ள போயிடலாம்னு இருக்கும்.

— சரிதான், நர்ஸம்மா ரெண்டு பேருக்கும்தானே சொல்லிக் குடுத்தாங்க? தேஞ்ச முட்டி தேஞ்சதுதான், அதைத் தாங்கற சதையையாவது விட்டுடாதீங்க, தொடை பலமா இருந்தா முட்டிக்குப் பாரம் குறையும்னு.

— என்ன, நாற்காலியில கையை ஊணாம உக்காந்து உக்காந்து எந்திரிக்கிறது, அதானே? ஆம்பளை செய்யற வேலையா அது?

— அவரு செஞ்சாரு. மீன் டப்பாவைப் பையில போட்டுக் கணுக்காலுல கட்டிக்கிட்டு, காலை நேரா தூக்கிப் பிடிச்சு, மெதுவா இறக்குவாரு. வலிச்சா அன்னைக்குப் பாரத்தைக் குறைச்சுக்குவாரு, விட மாட்டாரு. நானும்தான் செய்யறேன். இப்ப நம்ம வாசப்படியை நான் எதையும் பிடிக்காம ஏறலையா?

— இரு இரு. அவன் காலைத் தூக்கறது உனக்கு எப்படித் தெரியும்?

— ரெண்டு வீட்டுக்கும் ஒரே வேலி. எனக்குக் கண்ணு இருக்கு.

— இருக்கும், இருக்கும். எனக்கு ஒரு கோப்பை கோகோ காய்ச்சித் தர நேரமில்ல. அவன் தொடையைப் பாக்க மட்டும் நேரம் இருக்கு.

— த்தூ! இந்த வயசுல இது வேறயா? அவரு பொண்டாட்டியும் நானும் சேந்து செய்யறோம். உங்களையும்தான் கூப்பிட்டேன். மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் போனது யாரு?

— சரி விடு. இப்ப என்ன ஆச்சு? அத்தனை தூக்கியும் அவன் முட்டி போச்சு. தூக்காத நானும் அவனும் ஒண்ணாயிட்டோம். கூட்டம் இன்னும் முடியல, நாளைக்கு முதல் பேச்சு என்னோடது, கேட்டுக்கோ. "ஒரு பொழுது சம்மணம் போட்டு உக்கார முடியாதவன் இந்தக் குடும்பத்துக்குத் தலைவனா எப்படி உக்காருவான்?"னு கேக்கப் போறேன். பட்டம் என் கையில.

— உங்களால உக்கார முடியுமா?

— நான் பாய் கேட்டேனா? கேட்டது அவன். சிரிச்சது அவனைப் பாத்து.

— வேணாங்க. அதைச் சொல்லாதீங்க.

— ஏன்? கொழுந்தன்மேல அவ்வளவு கரிசனமா?

— உங்கமேலதான் கரிசனம். சொல்லிட்டீங்கன்னா அப்புறம் ஜென்மத்துக்கும் நீங்க நிம்மதியாத் தூங்க மாட்டீங்க. இதுக்கு மேல என் வாயைக் கிளறாதீங்க, வாக்குக் குடுத்திருக்கேன்.

— யாருக்கு வாக்கு? அவனுக்கா? அவன் இங்க வந்தானா?

— நீங்க வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி. பின்னால சமையல் கொட்டகைக்கு வந்தாரு.

— நொண்டிக்கிட்டேவா?

— நொண்டல. நம்ம பன்னிக்குட்டி வேலியைத் தாண்டிடுச்சு. ஓடிப் போய்ப் பிடிச்சுக்கிட்டு வந்தாரு. அப்புறம் என் எதிர்ல குந்தி உக்காந்து, இருந்த தேங்காயெல்லாம் உரிச்சுக் குடுத்தாரு.

— குந்தி உக்காந்தானா? முட்டி தாங்கலைன்னு பாய் கேட்டவனா?

— அவருதான்.

— திருட்டுப் பய! நடிச்சிருக்கான்! தோக்கறதுக்கு எவனாவது நடிப்பானா? என்ன சொன்னான்? சொல்லு மசினா, இப்ப நீ சொல்லியே ஆகணும்.

— "அண்ணனுக்கு வலியில வேத்துக் கொட்டுது அண்ணி, உசுரு போனாலும் அவரு வாயால பாய் கேக்க மாட்டாரு. நாளைக்கும் நானே முதல்ல காலை நீட்டிடறேன், அவருகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க"ன்னாரு.