பூஜை போட்ட மெஷின்

எனக்கு எழுபத்திரண்டு வயது. ஏழு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள். நேற்று பசுவந்தனை பஸ்ஸில் என் முன்சீட்டில் ஒரு தீப்பெட்டி ஆபீஸ் முதலாளியும் அவர் சிநேகிதரும் பேசிக்கொண்டு வந்தார்கள். முதலாளிதான் ஆரம்பித்தார்.

"சாமி கும்பிட்டதாலதான் தம்பி, என் மெஷினுக்குப் பேடண்ட் உரிமை போச்சு."

"என்ன அண்ணாச்சி சொல்லுதீங்க? குச்சி அடுக்குத மெஷினு நீங்க கண்டுபிடிச்சதுல்லா?"

"கண்டுபிடிச்சு என்ன செய்ய? மனு போடுததுக்கு முந்தி ஊரு பாத்துட்டா உரிமை கிடையாதுங்காரு வக்கீலு. நான் பத்திரிகை அடிச்சு, போட்டிக்காரனையெல்லாம் பூஜைக்குக் கூப்பிட்டு, சந்தனம் கொடுத்து ஓட்டிக் காமிச்சேன்."

"பூஜை போடாம புது மெஷினை எப்படி ஓட்டுததாம்? சட்டம் எழுதினவிய ஆயுத பூஜையே கும்பிட்டதில்லையோ?"

"எதிர்த்த ஆபீஸ்காரன் அதே மாதிரி ஒண்ணு செஞ்சுட்டான். வெள்ளிக்கிழமை அதுக்குப் பூஜை. முதல் பத்திரிகை எனக்குத்தான்."

"போவீங்களா?"

"போகாம? மதிச்சு அழைச்சிருக்கான்லா. ஆனா அடுத்த மெஷினை ஒரு பயலுக்கும் காட்ட மாட்டேன். அது எப்படி ஓடும்னா..."

பஸ் முழுக்கக் கேட்கும்படி விளக்கினார். கண்டக்டர்கூட டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

ஏட்டி பேத்தி, நான் சொல்லச் சொல்ல நீ எழுதினதை வாசி பார்ப்போம். அந்த விளக்கத்தை நான் வாய்தவறிச் சொல்லியிருந்தால் அடித்துவிடு. அந்த அடுத்த மெஷினுக்காவது அவருக்கு உரிமை கிடைக்கட்டும்.